நான்கு சுற்று அதிகம்

துண்டை எடுத்துவிடுகிறேன், உட்காருங்கள் தம்பி. யாருக்கும் இடம் பிடித்து வைத்ததல்ல. பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது என்று போட்டிருந்தேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. நீங்கள் கால் மணி நேரமாக அந்தக் கம்பத்தில் சாய்ந்து நிற்கிறீர்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

யார் ஓடுகிறார்கள், அண்ணனா? முப்பத்தெட்டு வயதா? பரவாயில்லை, விழுந்தாலும் எலும்பு ஒட்டும் வயசுதான். எனக்கு மருமகள். நாற்பத்து நான்கு. சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

இப்போது மணி ஏழு ஐம்பத்திரண்டு. அந்தப் பெரிய கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், அது எட்டு வினாடி பின்னால் ஓடுகிறது. விடிவதற்குள் ஆயிரம் பேரைக் கூட்டி ஓடவிடத் தெரிகிறது, ஒரு கடிகாரத்தைச் சரியாக வைக்கத் தெரியவில்லை. சரியாக ஐந்தரைக்குத் துப்பாக்கி சுட்டார்கள். இருபத்தொரு கிலோமீட்டர். அவள் எட்டரைக்குள் இந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் இன்றோடு ஓட்டம் முடிந்தது. அப்படி அவள் புருஷன் சொல்லியிருக்கிறான். அவன் என் மகன், பூபதி. மஸ்கட்டில் இருக்கிறான். நேரம் பார்த்துச் சொல்ல என்னை அனுப்பியிருக்கிறான். “அப்பா, நீங்க போய்ப் பாருங்க. நீங்கதான் கணக்குல ஒரு நிமிஷம் முன்ன பின்ன சொல்ல மாட்டீங்க” என்றான். அது உண்மைதான். முப்பத்தொரு வருஷம் எங்கள் பேரூராட்சியில் குடிதண்ணீர் வால்வு திறந்தவன் நான். எந்தத் தெருவுக்கு எத்தனை மணி, எந்த வால்வுக்கு எத்தனை சுற்று, ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். படிப்பு ஆறாவதுதான். கணக்கு தப்பாது.

இவள் ஏன் ஓடுகிறாள் என்று கேட்கிறீர்களா? நான்கு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கத்தான் சொன்னார் தம்பி, ஓடச் சொல்லவில்லை. இவள் மூன்று மாதம் நடந்தாள், நான்காவது மாதம் ஓடினாள். எங்கள் வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூட மைதானம். காலையில் நாலு நாற்பதுக்கு இறங்குவாள். பதினெட்டுச் சுற்று. ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் பத்து வினாடி. முதல் ஆறு சுற்றை இரண்டு ஐம்பதில் ஓடிவிட்டு, கடைசியில் நாக்குத் தள்ளி நிற்பாள். யார் சொல்லுவது?

ஓட்டம் முடிந்து வந்து சமையல். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது. ஒன்பதுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதப் போவது. சாயந்திரம் வந்து மறுபடி சமையல், துணி, பிள்ளைக்குப் பாடம். ஒரு நாளைக்கு முப்பத்தொரு தடவை மாடிப்படி ஏறி இறங்குகிறாள். அதையே ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டால் என்ன? காலையில் தனியாக வேறு ஓட வேண்டுமா? இதெல்லாம் கொழுப்பு என்றுதான் நான் நினைத்தேன்.

அவளிடம் சொல்லவில்லையா என்றால், நான் அவளிடம் பேசுவதில்லை. அவளும் என்னிடம் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினேழு வருஷமாக அப்படித்தான். வந்த புதிதில் எனக்குக் கூச்சம், அவளுக்கும் கூச்சம். என்ன வேண்டுமானாலும் நடுவில் என் சம்சாரம் பேச்சியம்மாள் இருந்தாள். “அவுகளைச் சாப்பிட வரச் சொல்லுங்க அத்தே.” “ரசம் போதும்னு சொல்லு.” இப்படியே ஓடியது. எங்கள் பக்கத்தில் மாமனார் மருமகளிடம் வாயாடினால் நன்றாகவா இருக்கும்? பேச்சியம்மாள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதன் பிறகு பேத்தி கனிஷ்கா. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. “தாத்தா, மாத்திரை போட்டாச்சான்னு அம்மா கேக்காங்க.” “போட்டாச்சுன்னு சொல்லு.” அம்மா அங்கே அடுப்படியில், நான் இங்கே கூடத்தில். பன்னிரண்டடி தூரம். பிள்ளை நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லும். ஒரு நாளைக்குச் சராசரி பதினாலு தடவை.

ஒரு குறையும் இல்லாமல்தான் போனது. இந்த ஜூன் மாதம் வரைக்கும்.

ஜூனில் இரண்டு காரியம் ஒன்றாக வந்தது. அடுப்படிச் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர ஆரம்பித்தது. தரைத் தொட்டியிலிருந்து மேல் டேங்குக்குப் போகிற குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது. இருபத்து நாலு வருஷக் குழாய், உள்ளே எங்கோ கசிகிறது. கொத்தனார் பதினொரு நாள் வேலை என்றார். மூன்று நாள் வந்தார். சுவரை இடித்துப் போட்டுவிட்டு ஆள் காணவில்லை. பூபதி மஸ்கட்டிலிருந்து போனில் யோசனை சொல்லுவான். “வேற ஆளைப் பாரு. நல்ல ஆளாப் பாரு.” அங்கிருந்து பார்த்தால் ஊரே நல்ல ஆளாகத் தெரியும்.

கடைசியில் இவளே உளியை எடுத்துவிட்டாள். இவளுக்குச் செண்பகவல்லி என்று அம்மன் பேர் வைத்திருக்கிறார்கள். அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, செல்போனில் எவனோ செய்து காட்டுகிற வீடியோவைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஆபீஸ் விட்டு வந்து ஏழிலிருந்து ஒன்பது வரை சுவர் கொத்துகிறாள். அக்கம்பக்கத்தில் நான் எப்படித் தலைகாட்டுவது? “உங்க மருமக கொத்தனார் வேலைக்கும் போறாளா?” என்று எதிர்வீட்டு நாயுடு கேட்டார்.  அவர் வீட்டுக் குழாய் ஒன்பது மாதமாக ஒழுகுகிறது. நிமிடத்துக்கு நாற்பது சொட்டு.

இன்னொரு காரியம் பேத்தி. பத்தாம் வகுப்பு. அவள் சிநேகிதிகள் என்னவோ சொல்லியிருக்கிறார்கள். “ஒங்கம்மா பேன்ட் போட்டுட்டு ஓடுறாங்களாம்ல? யாரு துரத்துறா?” அன்றைக்குச் சாயந்திரம் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஆத்தாளும் மகளும் ஒரே சத்தம்.

“நீ ஓடுனது போதும். எனக்கு அசிங்கமா இருக்கு.”

“நான் திருடவா செஞ்சேன்? ஓடத்தானட்டி செய்தேன்?”

“எல்லா அம்மாவும் இப்படியா இருக்காங்க?”

“எல்லா அம்மாவுக்கும் வீட்ல இன்னொரு ஆள் இருக்குட்டி.”

இவ்வளவும் கேட்டுக்கொண்டு கூடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னை ஆள் கணக்கில் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா?  பேத்தியைக் கூப்பிட்டு, “தொண்டை வறண்டு போகும், ரெண்டு பேரும் தண்ணி குடிங்கன்னு அம்மாட்ட சொல்லு” என்றேன். அவ்வளவுதான். பேத்தி என் பக்கம் திரும்பினாள்.

“இனிமே நான் யாருக்கும் எதையும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல? பேசுங்க.”

அன்றைக்கு ஜூன் பத்தொன்பது, வியாழக்கிழமை. அதற்குப் பிறகு வீட்டில் சேதி போவது நின்றுபோனது. சாப்பாடு தயார் என்றால் மருமகள் தட்டை மேசையில் டங்கென்று வைப்பாள். மாத்திரை போட்டாச்சு என்றால் காலி அட்டையை நான் சன்னலில் வைப்பேன். எப்படியோ சமாளித்தோம். பேசித்தான் குடும்பம் நடத்த வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

மணி எட்டு ஐந்து. அதோ ஒரு கூட்டம் வருகிறது, உங்கள் அண்ணன் உண்டா? இல்லையா? இருங்கள், வருவார்.

எங்கள் ஊரில் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் நல்ல தண்ணீர் வரும். அது தெரியாமல் நான் சொல்லுவது விளங்காது. வருகிற அன்று தொட்டி நிறைய இரண்டாயிரம் லிட்டர் பிடித்துக்கொள்ள வேண்டும். எட்டு நாளைக்கும் அதுதான். ஜூலை ஐந்து, சனிக்கிழமை. முந்தின நாள்தான் தண்ணீர் வந்து தொட்டி நிறைந்திருந்தது. அந்த வெள்ளி ராத்திரியே இவள் சுவருக்குள் புதுக் குழாயை வைத்து, வளைவுக்கு எல்போ போட்டு, பசை தடவி ஒட்டியிருக்கிறாள். அந்தப் பசை முழுசாக ஒரு நாள் காய வேண்டும். அதற்குள் தண்ணீர் ஏற்றினால் பிடுங்கிக்கொண்டு போகும். எனக்கு அது தெரியும். ஆனால் ஒட்டி முடித்தாள் என்பது தெரியாது. அடுப்படிக்குள் நான் போவதில்லை.

அவள் பேத்தியிடம் சொல்லியிருக்கிறாள். “காலைல மோட்டார் போட வேண்டாம்னு தாத்தாகிட்ட சொல்லிரு.” பேத்தி சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றுதான் முன்னமே சொல்லியாயிற்றே. பிள்ளை சேதி சொல்வதை நிறுத்திவிட்டதை மருமகள் பழைய பழக்கத்தில் மறந்துவிட்டாள்.

நான் வழக்கம்போல ஐந்து மணிக்கு மோட்டாரைப் போட்டேன். மேல் டேங்க் நிறைய நாற்பத்திரண்டு நிமிடம். அதற்கு முந்திய சுற்றெல்லாம் வாசலிலிருந்தே தெரியும்; மோட்டார் ஓடுகிற நேரம் மைதானத்து கேட் பக்கம் போய் நிற்பேன். காற்றாட நிற்பதுதான். அப்படியே அவள் சுற்றை எண்ணுவேன். மகனுக்குச் சொல்ல வேண்டுமே, வெள்ளிக்கிழமை தோறும் போனில் கேட்பான். பதினெட்டாவது சுற்று முடியவும் நான் போய் மோட்டாரை நிறுத்தவும் சரியாக இருக்கும். அன்றைக்குப் பாருங்கள், பதினெட்டு முடிந்தது, இவள் நிற்கவில்லை. பத்தொன்பது போனாள். அவள் பத்தொன்பது ஓடி நான் பார்த்ததே இல்லை. இருபது. சரி, இதோடு விழுவாள் என்று நின்றேன். இருபத்தொன்று. கையை ஒரு மாதிரி முன்னால் வீசிக்கொண்டு, வேப்பமரத்து வளைவில் திரும்பி வருகிறாள். இருபத்திரண்டு. அப்போதுதான் நின்றாள். நாலு சுற்று அதிகம். பதின்மூன்று நிமிடம்.

வீட்டுக்குப் போனால் கூடம் முழுக்கத் தண்ணீர். எல்போ பிடுங்கி, இரண்டாயிரம் லிட்டரும் அடுப்படி வழியாகக் கூடத்துக்கு வந்து கொல்லையில் இறங்கிவிட்டது. தொட்டி காலி. தொட்டி காலியான பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது. புகைந்துபோய் நாறுகிறது. அந்தப் பதின்மூன்று நிமிடம்தான் மோட்டாரை எரித்தது. நாலு சுற்றுக் கூடுதலாக ஓடியது யார்? நானா?

இவள் உள்ளே வந்தாள். கணுக்கால் தண்ணீரில் ஷூவோடு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பீரோவைப் பார்த்துச் சொன்னாள்:

“யாரோ மோட்டாரைப் போட்டிருக்காங்க.”

நான் தூணைப் பார்த்துச் சொன்னேன்: “போடக் கூடாதுன்னு யாராவது சொன்னாத்தானே தெரியும்.”

“சொல்லச் சொல்லித்தான் இருந்துச்சு.”

“வந்து சேரலை.”

பேத்தி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தரையில் வைத்திருந்த அறிவியல் ரெக்கார்ட் நோட்டு தண்ணீரில் மிதக்கிறது. படம் எல்லாம் கரைந்து நீலமாக ஓடுகிறது. பிள்ளை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதது. “பைத்தியக்கார வீடு, பைத்தியக்கார வீடு!” என்று கத்தியது. எனக்குச் சொன்னதா, அவளுக்குச் சொன்னதா தெரியாது.

பூபதிக்கு நான்தான் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் ஓடிக்கொண்டிருந்தாள், தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது என்றேன். வேறென்ன சொல்ல? மோட்டாரைப் போட்டது யார் என்று அவன் கேட்கவில்லை. நான் எங்கே நின்றேன் என்றும் கேட்கவில்லை. அவளைக் கூப்பிட்டுப் போனிலேயே கத்தினான். ஸ்பீக்கரில் இருந்ததால் தெருவுக்கே கேட்டது.

“எங்க கம்பெனில அம்பத்திரண்டு வயசு ஆளு மூணு மணி நேரத்துக்குள்ள முடிக்கான். நீ ஆகஸ்ட் ஓட்டத்துக்குப் பேர் குடுத்திருக்கல்ல? மூணு மணிக்குள்ள வந்தா ஓடு. இல்லன்னா அந்த ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு வீட்டைப் பாரு.”

அவள், “சரி” என்றாள்.  அவள் சரி என்றால் சரிதான். சொன்ன சொல்லை மாற்றமாட்டாள். அந்தப் பிடிவாதம் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது.

அப்புறம் பதினொரு நாள் அவள் ஓடவில்லை. எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டக் கொடுத்து வாங்கினாள். எல்போவை அறுத்து மறுபடி ஒட்டினாள். இந்தத் தடவை சுவிட்சில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘நாளை இரவு ஏழு வரை போடக் கூடாது.’ யாருக்கு என்று எழுதவில்லை. சுவரைப் பூசி, ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். அவள் ஆபீஸ் போன பிறகு நான் அடுப்படிக்குள் போய்ப் பார்த்தேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு குற்றம் சொல்ல இடம் வைத்திருக்கிறாளா? இல்லை. எனக்கு அது பெரிய எரிச்சல்.

ராத்திரியில் ஆத்தாளும் மகளும் உட்கார்ந்து ரெக்கார்ட் நோட்டைப் புதிதாக எழுதினார்கள். இருபத்தாறு படம். இவள் கோடு போடுவாள், பிள்ளை பெயர் எழுதும். ஆறாவது நாள் இருதயம் வரைந்துகொண்டிருந்தார்கள். “இதென்னம்மா, கத்திரிக்கா மாதிரி இருக்கு” என்றது. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், நிற்கவே இல்லை. நோட்டு நனைந்தால் சிரிப்பார்களா? எனக்கு விளங்கவில்லை. இன்றைக்குப் பேத்தி பதினேழாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கிற பிள்ளைகளோடு நிற்கிறது. அசிங்கமாக இருக்கிறது என்று சொன்ன அதே பிள்ளைதான். முடிந்த பிறகு வேனில் கூட்டிக்கொண்டு வருவார்களாம்.

மணி எட்டு இருபத்தாறு. அதோ மஞ்சள் சட்டை, உங்கள் அண்ணனா? போங்கள், போய்க் கை கொடுங்கள். நல்ல ஓட்டம்தான், நொண்டாமல் வந்திருக்கிறார். வந்துவிட்டீர்களா? தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கவிடாதீர்கள்.

எட்டு இருபத்தெட்டு. அந்தத் திருப்பத்தில் யாரும் தெரியவில்லை.

பதினொரு நாள் ஓடாமல் கிடந்தவள் தம்பி. பதினொரு நாளில் நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சுற்று போய்விட்டது. அதை யார் கணக்கில் எடுத்தது? மஸ்கட்டில் உட்கார்ந்து மூன்று மணி என்றால் எந்த மூன்று மணி?

எட்டரை. ஆயிற்று.

நிற்கக் கூடாதா? கால் மரத்துவிட்டது, அதற்காக எழுந்தேன். நீங்கள் உட்காருங்கள்.

அதோ. நீல பனியன். கையை அப்படி முன்னால் வீசுகிறது அவள்தான். அந்த நடுத்தர வயசுப் பெண்ணா என்று கேட்கிறீர்கள், வேறு யார்? நாக்குத் தள்ளிவிட்டது பாருங்கள். வலது காலைச் சாய்த்து வைக்கிறாள். விழுவாள்... இல்லை, விழவில்லை. வா. வா. இன்னும் முப்பதடி.

நான் ஒன்றும் சத்தம் போடவில்லையே? போட்டேனா? எல்லோரும் போட்டார்கள்.

மூன்று மணி, நாலு நிமிடம், பன்னிரண்டு வினாடி.

போன் அடிக்கிறது. மகன்தான். காத்துக்கொண்டே இருந்திருக்கிறான். கொஞ்சம் இருங்கள்.

“ம். வந்துட்டா. மூணு மணி நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி... சரியாத்தான் பார்த்தேன்... தோத்துட்டான்னு நான் சொல்லலை. நேரம் கேட்ட, சொன்னேன். போனை வைக்காத. அன்னைக்கு மோட்டாரைப் போட்டது நான்... ஆமா, நான்தான். போட்டுட்டு மைதானத்துல போய் அவ சுத்தை எண்ணிட்டு நின்னேன். நிறுத்த வேண்டிய நேரத்துக்கு வரலை... நீ கேக்கலை, நான் சொல்லலை. இப்பச் சொல்லுதேன். இன்னொண்ணும் சொல்லுதேன். ஆறு மாசத்துல வாரேன்னு போன. இருபத்தேழு மாசம் ஆச்சு. இருபத்தொரு மாசம் பிந்தியிருக்க. நாலு நிமிஷத்துக்கு அவ ஷூவைக் கழட்டணும்னா, நீ என்னத்தைக் கழட்டப் போற?... ஹலோ... ஹலோ.”

வைத்துவிட்டான். இல்லை, அங்கே சிக்னல் சரியில்லாமலும் இருக்கும்.

தம்பி, அங்கே பாருங்கள். மெடலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள். சுற்றிலும் பார்க்கிறாள், பேத்தியைத் தேடுகிறாள். வேன் இன்னும் வரவில்லை. இப்போது குனிகிறாள். ஷூ முடிச்சை அவிழ்க்கிறாள் தம்பி. சொன்னபடி செய்கிறவள் என்றேனே.

உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஓடிப்போய் அவளிடம் ஒன்று சொல்லுங்கள். கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் பேசியாயிற்று என்று சொல்லுங்கள். முதல் ஆறு கிலோமீட்டரை ஆத்திரப்பட்டு ஓடாதே, அதை அடக்கினால் அடுத்த தடவை பத்து நிமிடம் மிஞ்சும், நான்கு வருஷமாக எண்ணிய ஒருத்தர் சொன்னார் என்று... இல்லை, ஒருத்தர் என்று சொல்ல வேண்டாம். நீங்களே சொல்லுவதாகச் சொல்லுங்கள்.

நானே போய்ச் சொல்லலாமா? என்ன தம்பி இப்படிக் கேட்டுவிட்டீர்கள். பத்தடி தூரம்தான் இருக்கிறது, நீங்கள் போங்கள். அவள் ஏதாவது பதில் சொன்னால் கேட்டுக்கொண்டு வாருங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்.